மதிப்பெண் பட்டியலில் தெரியாத பலன்

ஒரு பள்ளித் திட்டம் பலன் தந்ததா என்று கேட்டால் நாம் உடனே தேடுவது தேர்ச்சி விகிதத்தை. எந்த மாவட்டம் முதலிடம், எந்தப் பாடத்தில் எத்தனை பேர் நூற்றுக்கு நூறு என்று பேசி முடித்தால் மே மாதத்தோடு கணக்கு தீர்ந்துவிடும். அந்த மாணவர் இருபத்தாறு வயதில் எங்கே இருக்கிறார், என்ன சம்பாதிக்கிறார் என்பது எந்தப் பள்ளிப் பதிவேட்டிலும் இருக்காது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வேலை உலகுக்கு ஆயத்தப்படுத்தும் திட்டங்கள் உலகெங்கும் ஏராளமாக இருக்கின்றன. அவற்றின் பலன் நிலைக்கிறதா என்று சொல்லக்கூடிய ஆய்வுகள் சிலவே. அவற்றில் முதலில் வைக்க வேண்டியது, அமெரிக்காவின் எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம் 1993இல் தொடங்கி 2008இல் இறுதி அறிக்கை தந்த கரியர் அகாடமி ஆய்வு.

கரியர் அகாடமி என்பது தனிப் பள்ளி அல்ல. பெரிய அரசு உயர்நிலைப் பள்ளிக்குள் இயங்கும் ஒரு சிறு பிரிவு. 150 முதல் 200 மாணவர்கள் ஒன்பதாம் அல்லது பத்தாம் வகுப்பில் சேர்ந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே குழுவாகப் படிப்பார்கள். ஆசிரியர்களும் பெரும்பாலும் மாறுவதில்லை. கணிதமும் ஆங்கிலமும் அறிவியலும் எல்லாரையும் போலவே உண்டு. கூடவே நிதி, மருத்துவம், சுற்றுலா, மின்னணுவியல் என்று ஏதேனும் ஒரு துறையை ஒட்டிய பாடங்களும் உண்டு. உள்ளூர் நிறுவனங்கள் ஆட்களை அனுப்பிப் பேசவைக்கும், மாணவர்களை அழைத்துப் பணியிடத்தைக் காட்டும், கோடை விடுமுறையில் சம்பளத்தோடு பயிற்சி தரும். முதல் அகாடமி 1969இல் ஃபிலடெல்ஃபியாவின் எடிசன் உயர்நிலைப் பள்ளியில், மின்சாரத் துறையை மையமாக வைத்துத் தொடங்கியது. பிள்ளைகள் படிப்பைப் பாதியில் விடாமல் தடுப்பதுதான் அப்போதைய நோக்கம். 1981இல் கலிஃபோர்னியாவிலும் 1982இல் நியூயார்க்கிலும் இந்த முறை வேரூன்றியது. நியூயார்க்கில் புரூக்ளினின் ஜான் டூயி பள்ளியில் நிதித் துறை அகாடமி தொடங்க அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் கைகொடுத்தது.

அமெரிக்காவில் தொழிற்கல்விக்கு இருந்த பெயரைத் தெரிந்துகொண்டால்தான் இந்த முறையின் அருமை புரியும். 1917இல் ஸ்மித்-ஹியூஸ் சட்டம் வந்து தொழிற்கல்விக்கு மத்திய அரசு நிதி தரத் தொடங்கியபோதே ஒரு பிளவும் கூடவே வந்தது. கல்லூரிக்குப் போகிறவர் ஒரு பக்கம், பட்டறைக்குப் போகிறவர் மறு பக்கம். யார் எந்தப் பக்கம் என்பதைப் பெரும்பாலும் நிறமும் வர்க்கமுமே தீர்மானித்தன. கறுப்பினத்தவர் கைத்தொழில் கற்று முன்னேறட்டும் என்று புக்கர் டி. வாஷிங்டன் 1895இல் அட்லாண்டாவில் பேசினார். அதை 1903இல் கடுமையாக மறுத்து எழுதிய டபிள்யூ.ஈ.பி. டுபாய்ஸ், உயர்கல்வியைக் கைவிடச் சொல்வது ஓர் இனத்தையே கீழே நிறுத்தி வைப்பதாகும் என்று வாதிட்டார். நூறாண்டு கடந்தும் அந்த ஐயம் தீரவில்லை. ஏழைப் பகுதிப் பள்ளி ஒன்றில் ‘வேலைக்கு ஆயத்தம்’ என்று பலகை மாட்டினால், எங்கள் பிள்ளைக்குக் கல்லூரி இல்லை என்கிறீர்களா என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்விதான்.

எம்டிஆர்சி ஆய்வின் பலம் அதன் வடிவமைப்பில் இருக்கிறது. சாதாரணமாக ஒரு திட்டத்தில் சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். தானே விண்ணப்பம் வாங்கி நிரப்பிச் சேரும் பிள்ளை ஏற்கெனவே ஊக்கமுள்ள பிள்ளை. அவர் பின்னால் நன்றாக வந்தால் அது திட்டத்தின் பலனா அவருடைய இயல்பா என்று பிரிக்க முடியாது. இந்த அகாடமிகளிலோ இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகம். ஆய்வாளர்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். விண்ணப்பித்த 1,700க்கும் மேற்பட்டவர்களில் யாருக்கு இடம் என்பதைக் குலுக்கலில் முடிவு செய்தார்கள். இடம் கிடைத்தவரும் கிடைக்காதவரும் ஒரே மாதிரி ஆர்வம் கொண்டவர்கள். வேறுபாடு அதிர்ஷ்டம் மட்டுமே. ஒன்பது பள்ளிகள் கடைசிவரை ஆய்வில் இருந்தன. பால்டிமோரில் நிதி, மயாமி பீச்சில் சுற்றுலா, டெக்சாசின் சொக்கோரோவில் மருத்துவப் பணிகள், சான் ஹோசேயில் மின்னணுவியல், தலைநகர் வாஷிங்டனில் பொதுச்சேவை, ஃபுளோரிடாவின் கோகோ நகரில் விண்வெளித் தொழில்நுட்பம் என்று ஊருக்கு ஊர் துறை மாறியது. கோகோ, கென்னடி விண்வெளி மையத்துக்குப் பக்கத்து ஊர். மயாமி பீச் கடற்கரை விடுதிகளின் ஊர். ஊரில் இருந்த தொழில்தான் பள்ளிக்குள் வந்தது. மாணவர்களில் மிகப் பெரும்பாலானோர் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் கறுப்பினத்தவரும்.

2000ஆம் ஆண்டில் வந்த அறிக்கை அத்தனை உற்சாகம் தரவில்லை. தேர்வு மதிப்பெண்களில் அகாடமி மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வேறுபாடே இல்லை. ஒரு நல்ல செய்தி இருந்தது: படிப்பை விட்டுவிடும் அபாயம் மிகுந்த பிரிவினரிடம் இடைநிற்றல் 32 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாகக் குறைந்திருந்தது. அதற்குள்ளேயே ஓர் எச்சரிக்கையும் இருந்தது. ஆசிரியரும் சக மாணவரும் தரும் நெருக்கமான ஆதரவு எந்த அகாடமிகளில் கூடியிருந்ததோ அங்கேதான் இந்த நன்மை. பெயரளவில் அகாடமியாக இருந்து அந்த ஆதரவை வளர்க்காத இடங்களில் சில மாணவர்களின் நிலை முன்பைவிட மோசமானது. பலகையை மட்டும் மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2001இன் இறுதியில் அடுத்த அறிக்கை வந்தது. பள்ளிப் படிப்பு முடிந்திருக்க வேண்டிய காலத்துக்கு ஓராண்டு கழித்து எடுத்த கணக்கு அது. பள்ளியை முடித்தவர் விகிதம், கல்லூரியில் சேர்ந்தவர் விகிதம், வேலையில் இருப்பவர் விகிதம் எதிலும் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு இல்லை. அபாயப் பிரிவினரிடம் முன்பு தெரிந்த முன்னேற்றம்கூட மங்கியிருந்தது. அன்றைக்கு ஒரு நிதிச் செயலாளர் இந்த அறிக்கையைப் படித்திருந்தால் திட்டத்தை மூடச் சொல்லியிருப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. கையில் இருந்த எண்கள் அப்படி.

ஆய்வு நிற்கவில்லை. 2004 அறிக்கையில், பள்ளிக்குப் பிந்தைய நான்கு ஆண்டுகளில் அகாடமிக் குழுவின் இளம் ஆண்கள் மற்றக் குழுவின் இளம் ஆண்களைவிட மாதம் சராசரியாக 212 டாலர் கூடுதலாகச் சம்பாதித்திருப்பது தெரியவந்தது. அது 18 சதவீத உயர்வு. இந்த உயர்வு அடுத்த நான்கு ஆண்டுகளில் கரைந்துபோகுமா என்பதுதான் எல்லாருடைய கேள்வியாகவும் இருந்தது. கரையவில்லை. ஜேம்ஸ் கெம்பிள் தலைமையில் எழுதப்பட்ட 2008 அறிக்கையின்படி, பள்ளிக்குப் பிந்தைய எட்டு ஆண்டுகளில் அகாடமிக் குழுவினரின் ஆண்டு வருமானம் சராசரியாக 2,088 டாலர், அதாவது 11 சதவீதம் கூடுதல். ஆண்களை மட்டும் எடுத்தால் ஆண்டுக்கு 3,731 டாலர், 17 சதவீதம். எட்டு ஆண்டுக்குக் கூட்டினால் ஏறக்குறைய 30,000 டாலர். மணிக்கூலி, வேலை செய்த நேரம், வேலையின்றி இருக்காத மாதங்கள் மூன்றும் சேர்ந்து தந்த உயர்வு இது.

இந்த எண்கள் யாருடையவை என்பதையும் சொல்ல வேண்டும். குலுக்கலில் இடம் கிடைத்த எல்லாருடைய சராசரியும் இதில் இருக்கிறது. இடம் கிடைத்தும் சேராதவர்கள், சேர்ந்து நடுவில் விலகியவர்கள் எல்லாரும் உள்ளே. பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை அகாடமியில் நீடித்தவர்கள் பாதிக்குச் சற்றே கூடுதலானவர்கள்தான். மறுபுறம், இடம் கிடைக்காதவர்களும் சும்மா இருக்கவில்லை; வேறு பள்ளி வழியாகவோ வேறு திட்டம் வழியாகவோ ஏதோ ஒரு பயிற்சியைப் பெற்றவர்கள் அவர்களில் உண்டு. இத்தனை கலப்புக்கு மேலும் வேறுபாடு தெரிகிறது என்றால் அது மெலிந்த விளைவு அல்ல.

எனக்கு வருமானத்தைவிட முக்கியமாகப் படுவது வேறு இரண்டு முடிவுகள். ஒன்று, கல்லூரிப் படிப்பில் எந்த இழப்பும் இல்லை. இரு குழுவிலும் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பள்ளிச் சான்றிதழோ அதற்கு இணையானதோ பெற்றார்கள். ஏறக்குறைய பாதிப்பேர் அதற்கு மேலும் ஒரு சான்றிதழோ பட்டமோ பெற்றார்கள். அகாடமியால் இந்த விகிதம் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. ஏறவில்லை என்பதைச் சிலர் தோல்வியாக எழுதினார்கள். டுபாய்ஸ் எழுப்பிய ஐயத்தோடு இதைப் படித்தால் வேறு பொருள் கிடைக்கும்: வேலைக்கு ஆயத்தப்படுத்தியதால் கல்லூரிக் கதவு மூடவில்லை. இரண்டாவது, குடும்ப வாழ்க்கை. அகாடமிக்குப் போனவர்களில் கூடுதலானோர் தங்கள் பிள்ளைகளுடனும் துணையுடனும் தனிக்குடும்பமாக வாழ்ந்தார்கள். திருமணம் செய்துகொண்டவர்களும் பிள்ளைகளைத் தம்மோடு வைத்து வளர்ப்பவர்களும் ஆண்களிடையே கூடுதலாக இருந்தார்கள். பத்தாம் வகுப்பில் மின்னணுவியல் படித்ததற்கும் பத்தாண்டு கழித்துத் தன் குழந்தையோடு ஒரே வீட்டில் இருப்பதற்கும் என்ன தொடர்பு என்று யாரும் நேராக நிறுவிவிட முடியாது. நிலையான வருமானம் உள்ளவன் குடும்பத்தை நிறுத்துகிறான் என்பது மட்டும் எந்த ஊரிலும் புதிய செய்தி அல்ல.

பெண்கள் விஷயத்தில் ஆய்வு கைவிரிக்கிறது. பெண்களின் வருமானத்தில் நம்பத்தக்க உயர்வு எதுவும் காணப்படவில்லை. இதை ஓர் ஆய்வின் விபத்து என்று ஒதுக்கவும் வழியில்லை. கனெக்டிகட் மாநிலத்தில் முழுநேரத் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் சேரத் தேவையான மதிப்பெண் எல்லையை மயிரிழையில் தாண்டியவர்களையும் மயிரிழையில் தவறவிட்டவர்களையும் எரிக் புரூனர், ஷான் டோகர்டி, ஸ்டீபன் ராஸ் ஆகிய மூவர் ஒப்பிட்டார்கள். ஆண்களிடம் பள்ளியை முடிப்போர் விகிதம் 10 சதவீதப் புள்ளிகள் கூடியது. பின்னாளைய வருமானம் சுமார் மூன்றில் ஒரு பங்கு உயர்ந்திருந்தது. பெண்களிடம் எந்த விளைவும் இல்லை. வேறு முறை, வேறு காலம், வேறு வகைப் பள்ளி. ஆனாலும் அதே முடிவு. பெண்கள் தேர்ந்தெடுக்கும் துறைகள் பள்ளியில் தனிப்பயிற்சி பெற்றாலும் பெறாவிட்டாலும் ஒரே கூலி தருபவையாக இருக்கலாம். படித்த பெண்ணின் ஆண்டுகளைப் பிள்ளை வளர்ப்பு எடுத்துக்கொள்வதாக இருக்கலாம். காரணம் எதுவாயினும், இத்திட்டங்களை வகுப்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது என் குற்றச்சாட்டு.

கனெக்டிகட் ஆய்வில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஆண்களின் வருமான உயர்வில் அவர்கள் எந்தத் தொழில்துறைக்குப் போனார்கள் என்பதால் விளக்க முடிந்தது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பள்ளிக்கு ஒழுங்காக வருவதும் தேர்வு மதிப்பெண்ணும் கூடியிருந்தன. ஒரு தச்சனாகவோ மின்பணியாளராகவோ ஆக்கியதால் வந்த லாபம் கொஞ்சம்தான். பள்ளிக்குப் போவதற்கு ஒரு காரணம் கிடைத்ததால் வந்ததே பெரிது என்று இதிலிருந்து ஊகிக்கலாம். வட கரோலினாவின் வேக் மாவட்டத்தில் ஒரு தகவல் தொழில்நுட்ப அகாடமியில் நடந்த ஆய்வும் பள்ளி முடிப்போர் விகிதம் 8 சதவீதப் புள்ளிகள் கூடியதாகச் சொல்கிறது.

இந்த நன்மை எத்தனை காலம்? எம்டிஆர்சி ஆய்வு இருபத்தாறு வயதோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் பார்க்க எரிக் ஹனுஷெக், லுட்கர் வோஸ்மன் முதலியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வுக்குப் போக வேண்டும். பல நாடுகளின் தரவுகளை வைத்து அவர்கள் கண்டது இதமான செய்தி அல்ல. தொழிற்கல்வி பெற்றவருக்கு இளவயதில் வேலை எளிதில் கிடைக்கிறது; வயது ஏற ஏற அந்தச் சாதகம் குறைகிறது; பொதுக்கல்வி பெற்றவர் பின்னாளில் முந்துகிறார். ஜெர்மனி, டென்மார்க், சுவிட்சர்லாந்து போன்று தொழிலகத்திலேயே பழகுநராக வளரும் முறை வலுவாக உள்ள நாடுகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தில் தேர்ந்தவருக்கு அந்த இயந்திரம் போய்விட்டால் ஐம்பது வயதில் புதிதாகக் கற்கத் தேவையான அடிப்படை போதாமல் போகலாம்.

இந்த இரண்டு முடிவுகளும் முரண்படுவதாக நான் நினைக்கவில்லை. ஹனுஷெக் குழு பார்த்தது பொதுக்கல்விக்குப் பதிலாக வந்த தொழிற்கல்வியை. கரியர் அகாடமி பொதுக்கல்வியில் ஒரு பாடத்தைக்கூடக் குறைக்காமல் அதன்மேல் கூட்டியது. குறைத்துக் கொடுத்தால் பின்னால் வட்டியோடு கட்ட வேண்டிவரும். கூட்டிக் கொடுத்தால் அந்தக் கடன் இல்லை. ஒரு திட்டத்தை ஏற்பதா மறுப்பதா என்று கேட்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

செலவு குறைந்த வழிகளும் உண்டு. 1970இல் ஒரே வாரத்தில் பிறந்த பிரிட்டன் குழந்தைகளை வாழ்நாள் முழுவதும் பின்தொடரும் ஒரு தரவுத் தொகுப்பு இருக்கிறது. அவர்கள் பதினான்கு, பதினைந்து வயதில் பள்ளியில் வெளியாட்கள் வந்து தம் வேலையைப் பற்றிப் பேசக் கேட்ட ஒவ்வொரு முறைக்கும், இருபத்தாறு வயதில் சம்பளம் சராசரியாக 0.8 சதவீதம் கூடுதலாக இருப்பதை எல்நாஸ் காஷெஃப்பக்தல், கிறிஸ்டியன் பெர்சி ஆகிய இருவர் கண்டார்கள். குலுக்கல் முறை ஆய்வு அல்ல என்பதால் இதைச் சற்றுத் தள்ளி வைத்தே படிக்க வேண்டும். ஆனாலும் வீட்டில் யாருமே அலுவலகத்துக்குப் போயிராத பிள்ளைக்கு, ஒரு நர்சோ நில அளவையரோ வங்கி ஊழியரோ வந்து தன் ஒரு நாளை விவரிப்பது என்ன தரும் என்று நம் கிராமப்புற ஆசிரியர்களைக் கேட்டால் தெரியும்.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தை மூன்று மணியாகச் சுருக்கி, மீதி நேரத்தில் குடும்பத் தொழிலைப் பழகச் சொன்னது. குலக்கல்வி என்று பெயர் பெற்று, பெரியாரும் திராவிட இயக்கமும் எழுப்பிய எதிர்ப்பில், 1954இல் காமராஜர் முதல்வரானதும் கைவிடப்பட்டது. டுபாய்ஸ் அமெரிக்காவில் எதை அஞ்சினாரோ அதையே இங்கே சாதியின் வடிவில் மக்கள் அஞ்சினார்கள், அஞ்சியது சரிதான். அது குறைத்துக் கொடுத்த திட்டம். 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது தொழிற்பிரிவும் கூடவே வந்தது. அது நல்ல நோக்கத்தோடு வந்தாலும், ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்காதவர்கள் போகும் ‘வொகேஷனல் குரூப்’ என்றே ஊரில் பெயரெடுத்தது. பதினோராம் வகுப்பில் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்துப் பிள்ளையைத் தள்ளிவிடும் இடமாக ஒரு பிரிவு இருக்கும்வரை அதில் எத்தனை நல்ல ஆசிரியர் இருந்தாலும் அது தலையெடுக்காது.

2022 மார்ச் 1இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் இந்த வரலாற்றை ஓரளவு அறிந்தே வகுக்கப்பட்டிருக்கிறது. பொதுப் பாடத்தை அது குறைக்கவில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உயர்கல்வி, வேலைவாய்ப்பு வழிகாட்டலை மேலதிகமாகத் தருகிறது. அந்த அளவில் அது குலக்கல்வியின் பக்கம் அல்ல, அகாடமியின் பக்கம் நிற்கிறது. ஆனால் வாரத்தில் ஒரு வகுப்பும் ஒரு கையேடும் வேறு; மூன்று நான்கு ஆண்டுகள் ஒரே ஆசிரியர் குழுவின் கண்பார்வையில் இருப்பதும் ஊர்த் தொழிலகத்தில் ஒரு கோடையைக் கழிப்பதும் வேறு. நன்மை எங்கிருந்து வந்தது என்று அமெரிக்கத் தரவுகள் காட்டும் இடம் இரண்டாவது. சிவகாசியில் அச்சுத் தொழில், திருப்பூரில் ஆடை ஏற்றுமதி, ஓசூரில் வாகன உதிரிபாகம், தூத்துக்குடியில் துறைமுகம் என்று ஊருக்கொரு தொழில் நம்மிடம் இருக்கிறது. அவற்றின் கணக்குப் பிரிவும் வடிவமைப்புப் பிரிவும் தர ஆய்வகமும் ஏற்றுமதி அலுவலகமும் அதே ஊர் அரசுப் பள்ளிப் பிள்ளைக்குத் தெரியாத உலகங்கள். தொழிலாளியாக உள்ளே போகும் வாசலை மட்டும் அவன் அறிவான்.

அரசிடம் கேட்க வேண்டியது ஒன்றே. எந்தப் பயிற்சிக்கு இடங்களைவிட விண்ணப்பம் அதிகமாக வருகிறதோ அங்கே குலுக்கலில் இடம் கொடுங்கள். கிடைத்தவர், கிடைக்காதவர் இருவர் பெயரையும் எழுதி வையுங்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அவர்களைத் தேடிப் போய்க் கேளுங்கள். பெண்களின் கணக்கைத் தனியாக எழுதுங்கள். முதல் ஆண்டுத் தேர்ச்சி விகிதத்தை வைத்துத் திட்டத்தைப் புகழவோ மூடவோ வேண்டாம். இன்று ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு இருபத்தாறு வயதாக இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. அந்தப் பதிவேட்டை இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.